துள்ளும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை

திருச்சியில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்வது என் பிழைப்பு. கையால் வரைந்து, ஸ்கேன் செய்து, ஒரு வருடம் மெனக்கெட்டு நானே ஒரு ஃபாண்ட் உருவாக்கினேன். அதில் எந்த எழுத்தும் நேராக நிற்காது. ககரத்துக்குத் தொப்பை இருக்கும், ழகரம் வாலைச் சுருட்டிக்கொள்ளும், புள்ளிகளெல்லாம் பலூன் மாதிரி மேலே பறக்கும். பிறந்தநாள், காதுகுத்து, ஜூஸ் கடை, பிளே ஸ்கூல் என்று எங்கு பார்த்தாலும் அதுதான். உறையூர் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே அதைத் தேடிக்கொண்டே போவேன். தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான்.

என் ஆறு வயது மகள் தமிழ் படிக்கக் கற்றதே அந்த எழுத்தில்தான். பாடப்புத்தகத்து எழுத்து அவளுக்குப் பிடிக்காது. அது திட்டுகிறதாம்.

ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஸ்ரீரங்கத்தில் ஒரு படித்துறைக்கு எச்சரிக்கைப் பலகை வேண்டுமென்று எங்கள் தெரு இளைஞர்கள் கேட்டார்கள். காவிரியில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. 'ஆழம் அதிகம், இறங்காதீர்கள்', அவ்வளவுதான் வாசகம். சற்றுமுன் முடித்த பிறந்தநாள் பேனர் ஃபைலிலேயே, பழைய வரிகளை அழித்துவிட்டு அதை டைப் அடித்தேன். ஃபாண்ட் மாறாமல் அப்படியே வந்தது. இது சரியாக வருமா என்று கடை முதலாளிகூடக் கேட்டார். நாலு பேர் கண்ணை இழுக்கும் என்று சொல்லிப் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆடிப்பெருக்கு அன்று காலை படித்துறையில் கால்வைக்க இடமில்லை. மனைவி மேல்படியில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்தேன். நானோ செல்போனில் என் பலகையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். திரையில், பலகைக்குக் கீழே, ஒரு மஞ்சள் பாவாடை தெரிந்தது. தடுப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் வழுக்குவாள் என்று பயம். பிறகு எப்படி இறங்கினேன், யாரையெல்லாம் தள்ளினேன் என்பது நினைவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றவளை வாரித் தூக்கியபோது, அடுத்த படியைத் தேடிய என் காலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

மனைவி ஓடிவந்து முந்தானையால் அவள் காலைத் துடைத்தாள். நான்தான் கேட்டேன்.

"போர்டுல போட்டிருக்கிறதப் படிக்கலையா கண்ணு?"

"படிச்சேன்ப்பா. ஆழம், இறங்காதீங்கன்னு இருந்துச்சு. நீங்க சும்மா விளையாட்டுக்குத்தானே எழுதுவீங்க?"

இளைஞர்களிடம் சிவப்புப் பெயிண்ட் கேட்டு வாங்கி, பலகையைத் திருப்பிவைத்து, பின்புறத்தில் அதே வாசகத்தை நேரான எழுத்தில் எழுதப் பார்த்தேன். துள்ளவிட்டே பழகிய கைக்கு அதுவும் கோணல்மாணலாகத்தான் வந்தது. எழுத்தை நம்பாமல், கூட்டம் கலையும்வரை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம் இறங்காதீங்க, இறங்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.