சுவரில் இளைத்த கார்

நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், தீபாவளிக்கு வெள்ளையடித்த கையோடு கோதுமை மாவில் பசை காய்ச்சிச் சுவரில் படங்கள் ஒட்டுவோம். துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த அப்பா, அங்கே கழித்துப் போட்ட அமெரிக்கப் பத்திரிகைகளைக் கொண்டுவருவார். எனக்கு மஸ்டாங் கார் விளம்பரம் மட்டும் போதும். வருடத்துக்கு ஒன்றாக வரிசையாய் ஒட்டிவைத்திருந்தேன்.

அம்மாவுக்கு அவை எல்லாம் ஒரே கார்தான். முகப்பில் அதே குதிரைதானே ஓடுகிறது. எங்கள் தோட்டத்து லொறி எங்காவது மோதி, பதுளை கராஜுக்குப் போய், வேறு முகத்தோடு திரும்புவதைப் பார்த்துப் பழகியவர் அவர்.

அறுபத்தொன்பதில் காரின் முன்விளக்கு நான்கானது. "கண்ணு தெரியாதவன் ஓட்டுறான் போல" என்றார். அடுத்த வருடம் மறுபடி இரண்டு. "பாத்தியா, ரெண்டை ஒடச்சிட்டான். இவன்கிட்ட எவன் சாவியக் குடுத்தது?"

"அம்மா, அவங்க வருசாவருசம் புதுசா செய்றாங்க" என்று கத்தினேன்.

"நல்லா இருக்கறத எதுக்குடி மாத்தப் போறாங்க?"

எழுபத்து நான்கில் அரசாங்கம் கூப்பனுக்குத் தரும் கோதுமை மாவைக் குறைத்துவிட்டது. கிடைத்தது ரொட்டிக்கே போதவில்லை. பசை காய்ச்ச வழியில்லாமல் புதுப் படத்தை ஆணியில் குத்தினேன். கார் சின்னதாகச் சுருங்கியிருந்தது.

அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். அந்த டிரைவரை அன்று திட்டவில்லை.

"பாவம், எளச்சுப் போச்சு. அங்கயும் மாவ வெட்டிட்டாங்க போல."