சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தவர்

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். "யோகேஸ்வரி அக்கா போயிட்டாங்களாம்." வேறு யாரையோ சொல்கிறாள் என்றே நினைத்தேன். ஓய்வுபெற்ற பிறகும் வாரம் ஒருமுறை போன் செய்து என்னைத் திட்டுகிறவருக்குச் சாவு வரும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். மாநில அரசு அலுவலகத்தில் பல வருடம் என் பக்கத்து மேசை. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரசு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று கணக்கிடுவதுதான் எங்கள் வேலை. ஊழியர் உதவி அதிகம் தேவைப்பட்டால் தொகையும் அதிகம். அக்காவைத் தெரிந்த உங்களுக்கு இது மனப்பாடம். கல்யாணப் பந்தியிலும் இதைத்தானே பேசுவார்!

ஒருமுறை எடிசன் நகரத்துப் பக்கம், நம்மவர்கள் நிறைந்த ஓர் இல்லத்துக்குத் தொகையைக் குறைத்து எழுதியிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே ஊழியர் உதவி அநேகமாக யாருக்குமே இல்லை என்றது படிவம். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"இவ்வளவு பேரும் தாங்களே சாப்பிடுகினமோ? வாரும் தம்பி, போய்ப் பாப்பம்."

மாலை ஆறு மணிக்குப் போனோம். கட்டிலுக்குக் கட்டில் ஒரு மகனோ மகளோ, ஆபீஸ் பேட்ஜைக்கூடக் கழற்றாமல், டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஊட்டியதால் ஊழியர்களுக்கு அந்த வேலை இல்லை. படிவத்தில் பொய்யே கிடையாது. அதை நம்பி நான்தான் பணத்தைக் குறைக்கப் பார்த்தேன்.

"ரூல்படி கரெக்ட்தானேக்கா" என்று முனகினேன்.

"ஸ்னோ கொட்டினா பிள்ளையள் எப்பிடி வருவினம்? அண்டைக்கு இதுகளுக்கு ஆர் தீத்துறது?"

தீத்துவது என்றால் அவர் ஊரில் ஊட்டுவது. மதுரைக்காரன் காதில் அது ஆளைத் தீர்த்துக்கட்டுவதாக விழுந்து, ஒரு கணம் திடுக்கிட்டுப் போனேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாளிலிருந்து மேலதிகாரியை விடவில்லை. யார் ஊட்டினாலும் சரி, தானே சாப்பிட முடியாதவரை முடியாதவராகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் சண்டை போட்டு, அந்தத் தொகையைக் குறையாமல் காப்பாற்றினார். அதன்பின் வருடந்தோறும் இருவரும் அங்கே போவோம். ஓய்வுபெற்ற பிறகும் வந்து சேர்ந்துகொள்வார்.

தகனம் முடிந்த மறுவாரம் தனியாகப் போனேன். சக்கர நாற்காலியிலிருந்த ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "உங்ககூட வருவாங்களே, அந்த சிலோன் அம்மா வரலையாப்பா?" என்றார்.

"வரலம்மா" என்றேன்.

தொகைக் கணக்கில் கையெழுத்துப் போடுமுன் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்க்கும் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை விடமாட்டேன். ஆனால் அக்கா இல்லாமல் போக எனக்குப் பிடிக்கவேயில்லை.