குறிப்பு வாத்தியாரின் முன்னேற்பாடு

அந்தப் பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் குறிப்பு வாத்தியார் என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. கிண்டலுக்குத்தான் வைத்திருப்பார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இருபத்தாறு வருஷத்தில் பாடக்குறிப்பு எழுதாமல் அவர் வகுப்புக்குள் கால் வைத்ததே கிடையாது.

மற்றவர்களும் எழுதத்தான் செய்கிறார்கள். மாசக் கடைசியில் முதல்வர் கையெழுத்துப் போடக் கேட்பாரே என்று, நடத்தி முடித்த பாடத்துக்கெல்லாம் பழைய தேதி போட்டு ஒரே உட்காரலில் எழுதித் தள்ளுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிற ஜாதி. அதற்கும் பாடக்குறிப்பு என்றுதான் பெயர், என்ன செய்வது?

இவருடைய முறை வேறு. ஒன்பது மணி வகுப்புக்கு ஏழு மணிக்கே பட்டறையைத் திறந்துவிடுவார். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, இரண்டு இரும்புத் தகட்டை மேசையில் கவ்வி வைத்து, அன்றைய வேலையை இடது கையால் செய்துபார்ப்பார். அவர் வலது கைக்காரர். இடது கைக்குத் தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாது. "வலது கைக்கு எல்லாம் தெரியும். எங்கே தப்பு வரும்னு அதைக் கேட்டா முழிக்கும்" என்பார். இடது கை பிடித்தால் வெல்டிங் ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் இன்னும் ஒட்டும். பொறி எழும்பி உடனே அணையும். கோடு போட வேண்டிய இடத்தில் கூழாங்கல் மாதிரி உருண்டை உருண்டையாக விழும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுவார். 'குத்தாதே, தீக்குச்சி உரசுகிற மாதிரி உரசு.' 'ஒட்டினால் இழுக்காதே, திருகு.' சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இருக்கும். சிவப்புக் கோடு என்றால் இங்கே பயப்படுவார்கள், இங்கே நில், நகராதே என்று அர்த்தம்.

அவரிடம் படிக்க வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. கடையை மூடிவிட்டு வந்தவர், லாரி ஓட்டி முதுகு போனவர், இரண்டு குழந்தைக்குத் தாய் என்று வாழ்க்கையில் ஒரு தடவை அடிபட்டு வந்தவர்கள்தான் பாதிக்கு மேல். அந்த வயசில் பத்துப் பேர் முன்னால் தப்புச் செய்வது லேசான விஷயமில்லை. ராடு ஒட்டிக்கொண்டு முகம் செத்துப்போகிற அந்த நொடியில் அவர் பக்கத்தில் நிற்பார்.

"எப்படி சார் கரெக்டா வந்து நிக்கறீங்க?" என்று லாரிக்காரர் ஒருநாள் கேட்டார்.

"காலையில எனக்கும் அங்கதான் ஒட்டிச்சு" என்றார் வாத்தியார்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தபோது, பக்கத்துப் பிரிவு ஃபிட்டர் மாஸ்டர் இந்த வகுப்பை எடுக்கப் போனார். எனக்குத் தெரியாத வேலையா என்று கையை வீசிக்கொண்டு போனவர், ராடு ஈரமா காய்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் பொறியே பிடிக்காமல் திண்டாடியபோது, என்னதான் ஆச்சு என்று படிக்க வந்த கடைக்காரர் கவசத்தைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பொறி பிடித்தது. அந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டு, கடைக்காரர் இரண்டு நாள் கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி துடித்தார். தயார் பண்ணாமல் வகுப்புக்குள் போகிறவன் செய்கிற பாவம் அடுத்தவன் கண்ணில் போய் விழும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் இந்த மனுஷருடைய கதை பட்டறையோடு முடிந்திருந்தால் நான் எதற்கு இதை எழுதப் போகிறேன்?

மனைவி போய் ஆறு வருஷமாகிறது. ஒரே மகள், கல்யாணமாகி நாலு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டறையைப் பூட்டினால் மறுநாள் ஒன்பது மணி வரை அவரோடு பேச ஆள் கிடையாது. வீட்டில் கேட்பது குக்கர் விசிலும் பக்கத்து வீட்டு டிவியும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் போன் பண்ணுவாள். வாரம் முழுக்க அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். இதை அவரே ஒத்துக்கொள்ள மாட்டார், நான்தான் சொல்கிறேன்.

மனைவி இருந்தவரை பேசுவதெல்லாம் அவள்தான். இவர் வாங்கி, "நல்லா இருக்கியாம்மா? இந்தா அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். அவள் போனபிறகு கொடுக்க ஆளில்லை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா." "சரி, வச்சிடட்டுமா?" ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நாலைந்து ஞாயிறு இப்படியே போனதும் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அதில் குறிப்பெழுத ஆரம்பித்தார். 'பல் வலி என்னாயிற்று என்று கேள். ஆபீஸில் புது மேனேஜர் எப்படி என்று கேள். லாரிக்காரர் தன் சட்டையையே பொசுக்கிக்கொண்ட கதையைச் சொல், சிரிப்பாள்.' அவள் சிரித்தாள். ஒரு நிமிஷம் பன்னிரண்டு நிமிஷமாயிற்று. பெற்ற மகளிடம் பேச நோட்டுப் போடுகிற அப்பனைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, "மாப்பிள்ளை எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டார். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. "இருக்கார்பா" என்று அப்புறம் வந்தது. போனை வைத்ததும் நோட்டை எடுத்து, 'மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காதே' என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டார். இங்கேதான் எனக்கு இவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. பட்டறையில் சிவப்புக் கோடு என்றால் அங்கே போய் நிற்பார். மகளிடம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே போன் அடித்தது. குறிப்பு பாதிதான் எழுதியிருந்தார், பேனா கையில் இருந்தது. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். யாரோ மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதே வேகத்தில் கண் மகளுடைய அறைப் பக்கம் போனது. பழைய பேப்பர் கட்டுகள், சுற்றாத ஃபேன், தாழ்ப்பாள் உடைந்த கதவு, ஓதம் ஏறிய சுவர். மெத்தைகூடக் கிடையாது.

"தாராளமா வாம்மா! ஒரு ரெண்டு வாரம் மட்டும் குடு. ரூமைச் சரி பண்ணிடறேன்."

"எப்படி இருந்தாலும் பரவால்லப்பா."

"அதெப்படி? நீ வந்து தங்கற இடம். எல்லாம் ரெடி பண்ணிட்டு நானே சொல்றேன்."

மைக்கில் மறுபடி யாரோ கத்தினார்கள். "சரிப்பா" என்றாள்.

அப்புறம் அவர் நோட்டைப் பார்த்து, "பல் வலி எப்படிம்மா இருக்கு?" என்றார். பரவாயில்லை என்றாள்.

அந்த இரண்டு வாரமும் மனுஷர் பம்பரமாய்ச் சுற்றினார். சுண்ணாம்பைச் சுரண்டி பெயின்ட் அடித்தார், ஃபேனைக் கழற்றி மாட்டினார், தாழ்ப்பாளை அவரே பற்றவைத்தார். கடையில் ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துப் பார்த்து ஒன்றை எடுத்தார். மகள் வந்தபின் எந்த நாள் என்ன பேசுவது என்றுகூட எழுதி வைத்தார். நடுவில் வந்த ஞாயிறு வழக்கம்போல் பத்து மணிக்குப் பேசினாள். பெயின்ட் காயணும் என்று சொன்னார். மூன்றாவது ஞாயிறு, "எல்லாம் ரெடிம்மா, வா" என்றார்.

"இப்ப வேணாம்பா. அப்புறம் பாக்கலாம்."

எதற்காக வேண்டாம் என்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வாரம் முழுக்க அதுவே மனசை அரித்தது. பட்டறையில் இடது கை என்ன செய்கிறது என்றுகூடக் கவனிக்காமல் ராடைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார்.

மகள் வீடு இரண்டாம் மாடி. பூட்டியிருந்தது. அவர் பூட்டை ஆட்டிப் பார்த்த சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நீங்க அவ அப்பாதானே? என்னங்க இங்க வந்து நிக்கறீங்க? உங்க பொண்ணு உங்க வீட்லதானே இருக்கு!"

"எங்க வீட்லயா?"

"மூணு வாரம் ஆகப்போகுதுங்க. ஞாயித்துக்கிழமை காலையில, ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. பெட்டியோட இறங்கிடுச்சு. எங்கம்மா போறேன்னு கேட்டேன். அப்பா வீட்டுக்குப் போறேங்க்கா, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவருக்குப் போன் பண்ணிக்கறேன்னு சொல்லுச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். சனிக்கிழமையில் அவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா இருக்கே?"

அவர் குரலிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். "ஹாஸ்டல்லப்பா. வேலைக்குப் பக்கம். நல்லாத்தான் இருக்கு."

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுலேர்ந்தா பேசினே?"

"ம்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான்பா கூப்பிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் ஒண்ணும் யோசிச்சு வச்சுக்கிட்டு வரலையே."

அவர் எழுந்து நின்றார். "இப்பவே வந்து கூட்டிட்டுப் போறேன்மா. எங்கேன்னு சொல்லு."

"வேணாம்பா. இங்க பழகிடுச்சு." அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? பத்து மணிக்கு நானே கூப்பிடறேன். அதுக்குள்ள நீங்களும் என்ன பேசறதுன்னு எழுதி வச்சுக்குவீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கம் திருப்பற சத்தம் கேக்கும்பா."

அவள் குத்திக்காட்டவில்லை. அப்பாவுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எழுத மாட்டேம்மா" என்றார்.

அதற்குள் அவள் போனை வைத்திருந்தாள்.