வெள்ளை வால் புறாக்கள்

காற்று நின்றதும் படகின் நனைந்த பாயின் புளித்த வாடைதான் முதலில் மூக்கில் ஏறியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவின் மெர்சிங் அரசாங்க மருந்தகத்தில் 'டிரெசர்' என்ற மருத்துவ உதவியாளராக இருந்த அப்பா, எதிரே உள்ள தீவொன்றில் அம்மை குத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏழு மாதக் கர்ப்பிணியான அம்மாவை வீட்டில் தனியே விட மனமில்லாமல் அவரையும், ஆறு வயதுச் சிறுமியான என்னையும் கூடவே அழைத்து வந்திருந்தார்.

மாலை வெளிச்சம் குறையும்போது மழைத்திரை இறங்கி, கரையையும் விட்டுவந்த தீவையும் ஒருசேர மறைத்தது. படகோட்டி பாக் சமாட் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதென்று தமக்கே பிடிபடவில்லை, வழி தவறினால் திறந்த கடல்தான் என்று மலாயில் சொன்னார். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு வலி எடுத்தது.

அப்பா ஒரு பக்கத்தைக் காட்டி அதுதான் கரை என்றார். பாக் சமாட் இல்லையென்று தலையசைத்தார். குரலை உயர்த்தாமல் அவர்கள் வாதாடியதுதான் என்னை அதிகம் கலக்கியது. மல்லாந்து கிடந்த அம்மாதான் அவற்றை முதலில் கண்டார். எங்கள் தலைக்கு மேலே தாழ்வாக, 'ஜூனாய்' என்று அங்கே சொல்லும் நிக்கோபார் புறாக்கள் போய்க்கொண்டிருந்தன. கரிய உடல்களை மழைமூட்டம் விழுங்கியிருக்க, குட்டையான வெள்ளை வால்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன.

"இஞ்சருங்கோ, உதுகள் அடையத்தான் போகுதுகள். பின்னாலை விடச் சொல்லுங்கோ."

"அதுகள் எங்கை போகுதுகளோ, ஆருக்குத் தெரியும்?"

"எங்கை போனாலும் அங்கை மரம் இருக்கும்."

அப்பா பாக் சமாட்டுக்குப் புறாக்களைக் காட்டிவிட்டு, இன்னொரு துடுப்பை எடுத்துக்கொண்டார். கூட்டம் மறைந்ததும் படகு தயங்கும். அடுத்த கூட்டம் வரும்வரை அம்மா பல்லைக் கடித்து முனகுவது மட்டும் கேட்கும். கடைசியில் வால்களே தெரியாத இருட்டில், பாறையில் அலை மோதும் ஓசை கேட்டது.

அது நாங்கள் அறியாத ஒரு சின்னத் தீவு. மீனவர் குடிசையொன்றில், அந்த வீட்டுப் பெண்ணின் கைகளில் என் தம்பி பிறந்தான். உள்ளங்கையில் அடங்கிவிடுவான் போலிருந்தான். நீலம் பாய்ந்து கிடந்தவனை அப்பா தேய்த்துத் தேய்த்து அழவைத்தார்.

விடிந்ததும் வீட்டுக்காரர் கண்ணியில் சிக்கிய ஒரு ஜூனாயைக் கொண்டுவந்தார். அதை அவ்வளவு அருகில் அன்றுதான் பார்த்தேன். சாம்பல் தலை, அலகு தொடங்கும் இடத்தில் மேலே ஒரு கறுப்புக் குமிழ், கழுத்தைச் சுற்றி அவிழ்த்துவிட்ட கூந்தலாக நீண்ட இறகுகள். முதுகின் பச்சை, வெயில் பட்ட இடத்தில் செம்பாக மாறியது. பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைக்க என்றார்கள். கிண்ணம் வந்தபோது அம்மா வாசலில் கிடந்த வெள்ளை இறகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பால் சுரக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

தம்பி பிழைத்தான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். சென்ற ஆண்டு அவனோடு அந்தத் தீவுப் பக்கம் போனேன். காட்டில் பாதி இல்லை. படகு ஓட்டிய இளைஞனுக்கு 'ஜூனாய்' என்ற சொல்லே தெரியவில்லை. திரும்பும் வழியில், சிங்கப்பூரில் பறவைப் பூங்காவின் கூண்டொன்றின் முன்னால் நிறுத்தித்தான் என்னால் தம்பிக்கு அந்தப் புறாவைக் காட்ட முடிந்தது. அவன் வெகுநேரம் கம்பியை விட்டு நகரவில்லை.