கவுன்சிலிங்குக்கு 240 கிலோமீட்டர்: நான் செய்த மொழிபெயர்ப்பு

பிப்ரவரி கடைசி வாரம் அந்தமானின் வடக்கே இருக்கும் எங்கள் மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்குப் போனேன். கடற்கரை பார்க்க அல்ல. தம்பி மனைவி கவிதாவை மனநல ஆலோசனைக்குக் கூட்டிக்கொண்டு. ஐந்து மாதக் கரு கலைந்து நான்கு மாதம் ஆகியும் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

காலை 5.30 பஸ், ஆளுக்கு 290 ரூபாய். காட்டுக்குள் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாக, கான்வாயாகத்தான் போக வேண்டும் என்பதால் பாராடாங் படகுத்துறையில் மட்டும் ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். 240 கிலோமீட்டர் கடந்து இறங்கும்போது மாலை 3.40. அபர்டீன் பஜாரில் லாட்ஜ், 1,200 ரூபாய். குழாயில் தண்ணீர் வரும், நம்பலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு ஒரு தனியார் மையம். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. பரமக்குடியிலிருந்து வாழ வந்த கவிதாவுக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் ஹிந்தி. "நீங்கள் வீட்டு ஆள்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். தீவில் இது பழகிப்போன வழக்கம். ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, ஹிந்தி தெரிந்த ஒருவர்தான் வீட்டுக்கே வாய். நானும் யோசிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எது அதிகமாக வலிக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். கவிதா தரையைப் பார்த்தபடி என்னிடம் பேசினாள்.

"வயித்துப் பிள்ளையோட ஊர்ல இருந்து கப்பல்ல வந்ததாலதான் பிள்ள போச்சுன்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க. அத இவங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

சொன்னேன்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடமே சொன்னேன். இப்போது ஆலோசகர் பக்கம் திரும்பி, "குழந்தையை நினைத்து வருத்தப்படுகிறாள்" என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். இருபத்தைந்து நிமிடம், 800 ரூபாய், அடுத்த ஆள்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. குற்றம் செய்தவளையே சாட்சிக்கும் மொழிபெயர்ப்புக்கும் உட்கார வைக்கிற இது என்ன ஆலோசனை? அதைவிட, கூசாமல் பொய் சொன்ன என் நாக்கை என்ன செய்வது?

மையத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்வியக்கா கவிதாவின் முகத்தைப் பார்த்து, அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். சனிக்கிழமை தோறும் சௌல்தாரியில் அவர் வீட்டில் இப்படிப்பட்ட பெண்கள் ஐந்தாறு பேர் கூடுகிறார்களாம். மறுநாளே போனோம். பஸ் 25 ரூபாய், முக்கால் மணி நேரம். வாசலில் செருப்பைக் கழற்றப் போன என்னைச் செல்வியக்கா தடுத்தார்.

"நீங்க பாஹர் இருங்கம்மா, வெளியவே. கூட வந்தவங்கள நாங்க உள்ள விடுறதில்ல. புருஷனா இருந்தாலும் சரி, அம்மாவா இருந்தாலும் சரி."

சுருக்கென்றது. பாக்குத் தோட்டத்து வரப்பில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாதியில் கவிதாவின் அழுகை கேட்டது. நான்கு மாதத்தில் முதல் அழுகை.

திரும்பும் பஸ்ஸில், தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"உங்களப் பத்தியும் சொன்னேன் அண்ணி. அடுத்த சனிக்கிழமையும் வரணும்."

போக நினைப்பவர்களுக்கு: கான்வாய் நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். நோயாளியின் மொழி தெரிந்த ஆலோசகர் உண்டா என்று கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். இல்லையென்றால், மொழிபெயர்க்க வெளி ஆள் ஒருவர் வேண்டும் என்று மையத்தில் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். துணைக்குப் போனால் வாசலோடு நின்றுகொள்ளுங்கள். அவள் சொல்ல வந்ததே உங்களைப் பற்றியதாக இருக்கலாம்.