ஈரல் வறுவலும் மச்சானின் பல்வலியும்

உங்கள் வீட்டில் கறி எடுத்தால் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார்? அந்தத் தட்டில் என்ன இருக்கும் — எட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் போன மாசம்தான் பார்த்தேன். அவனியாபுரத்தில், அக்கா வீட்டில். குழம்பு, ஒரு எலும்பு. அவ்வளவுதான்!

அக்கா பிள்ளை பெற்று நாலு மாசம். எழுந்தாலே தலை சுற்றுகிறது. டவுனில் லேடி டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளேரென்று இருந்தது.

"ரத்தமே இல்லையேம்மா! இப்படியே விட்டா நீ படுத்துருவ. மருந்தோட கீரை, பருப்பு, முட்டை எல்லாம் வேணும். ஆட்டுக்கறி, ஈரலும் வேணும். நீ சாப்பிடணும், புரியுதா?"

காலேஜில் படித்த புரோட்டீன், இரும்புச் சத்து எல்லாவற்றையும் நானும் வழியெல்லாம் ஒப்பித்தேன். மறுநாளே மச்சான் ஈரல் வாங்கி வந்தார். அக்கா மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள்... அத்தனையையும் எங்கள் இரண்டு பேருக்கும் வைத்துவிட்டாள்!

"உனக்கு எங்கக்கா?"

"சட்டியில இருக்குடா."

சட்டியில் மசாலாதான் ஒட்டியிருந்தது.

மச்சானுக்குக் கறி இல்லாமல் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரே சொன்னார்: "எனக்குக் கறியே வெறுத்துப்போச்சு புள்ள. இனி அம்புட்டும் உனக்குத்தான்."

பிரமாதமான யோசனை, இல்லையா? அக்கா அன்றோடு கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்! புருஷன் தொடாத கறியைத் தனக்கென்று வைத்துத் தின்ன அவளுக்குக் கை வருமா?

அடுத்த வாரம் மச்சான் தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் ஈரல் பொட்டலம்.

"ஆசையா வாங்கியாந்தேன். வர்ற வழியில பல்லு குடைய ஆரம்பிச்சிருச்சு. நீ வறு. வீணாக்கிறாத."

"அப்ப தம்பி சாப்பிடட்டும்."

"மாப்ளைக்கு வயிறு சரியில்லையாம்!"

எனக்கா? வாயைத் திறப்பதற்குள் காலை மிதித்துவிட்டார்.

வாங்கிய கறியைக் குப்பையில் கொட்டவா முடியும்? அக்கா தின்றாள். அதிலிருந்து ஈரல் வாங்கும் நாளெல்லாம் அவருக்குப் பல்வலி.

போன வாரம் கொல்லையில் பார்த்தால், மனிதர் கரும்பு கடித்துக்கொண்டிருக்கிறார்!

"மச்சான்... பல்லு?"

"வாயப் பொத்து மாப்ள. இந்தா, நீயும் ஒரு துண்டு கடி."

சரிவிகித உணவு என்று புத்தகத்தில் எது எவ்வளவு என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். யார் தட்டில் என்று போடவே இல்லையே!

நேற்று அக்கா அவர் வேட்டியிலிருந்து கரும்புச் சக்கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"பல்லு தேவலையா?"

"எங்க... விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"சரி, ரசம் வைக்கிறேன்" என்றாள்.

இதை எழுதும்போது அக்கா அடுப்படியில் ஈரல் தின்றுகொண்டிருக்கிறாள். கீழ் இமையின் உள்ளே இப்போது லேசாகச் சிவந்திருக்கிறது.