தோளில் மாட்டிய ஹேண்டில்

எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்பு ஹேண்டிலை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். இரண்டு இடத்தில் மடங்கிய முழ நீளக் கம்பி. கைபட்டுக் கைபட்டுப் பிடி மட்டும் வழவழவென்றிருக்கும். பவர் டில்லர் இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் அது. வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. இதைக் கொடுக்க மனசு வரவில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவியின் அண்ணனான மச்சானின் கைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

எழுபதுகளில் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் டில்லர் வாங்கி உழவுக்கு வாடகைக்கு விட்டார். ஓட்ட நாங்கள் இரண்டு பேர். மச்சான் ஏரோட்டிப் பழகியவர். மிஷினையும் மாடு மாதிரியே நடத்துவார். திரும்பும்போது நாக்கைத் தட்டுவார், திணறினால் திட்டுவார். நான் ஏழாவதோடு நின்றவன், அதோடு பயந்தாங்கொள்ளி. வண்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷ். எனக்குப் படம் மட்டும்தான் புரிந்தது. பின்னால் சேற்றைக் கிளறுகிற கத்திகளுக்குப் பக்கத்தில் ஒரு கையை வரைந்து பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அந்தப் படம் என்னை விடவே இல்லை. இஞ்சின் நின்றால் போதும், ஹேண்டிலைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்வேன். டீக்குப் போனாலும் தோளில், ஒதுங்கப் போனாலும் தோளில்.

"ஏம்ப்பா மாப்ள, எந்தங்கச்சியக்கூட நீ இப்பிடித் தூக்கிக்கிட்டுத் திரியலயே!" என்பார் மச்சான். வரப்பில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். ஆனாலும் இறக்க மாட்டேன்.

ஒருநாள் ஏரிக்குக் கீழே ஒரு வயலில் சேற்றுழவு. சேற்றுக்குள் புதைந்து கிடந்த, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற பழைய கமலைக் கயிறு கத்திகளில் சுற்றி, இஞ்சின் உறுமி நின்றுவிட்டது. அறுத்தெடுக்க அரிவாள் வேண்டும். வயல்காரர் வீட்டுக்குப் போனேன், வழக்கம்போல ஹேண்டிலோடு. போகிற பதற்றத்தில், இஞ்சினோடு கத்திகளையும் சுற்றவைக்கிற கியரை விடுவிக்க மறந்துவிட்டேன். அத்தனை பயந்தவன் செய்த தப்பு அது.

அரிவாளோடு திரும்பி வந்தபோது மச்சான் சேற்றில் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு கையையும் முழங்கைவரை கத்திகளுக்குள் விட்டிருந்தார். முன்பக்கம் இஞ்சினருகே, அதற்குள் வயலுக்கு வந்துவிட்ட வயல்காரர் கடுகடுவென்று நின்றார்.

"எங்கய்யா போன ஹேண்டில எடுத்துக்கிட்டு? எத்தன நேரமா கத்தறோம்!"

"குடு மாப்ள அவருகிட்ட," என்றார் மச்சான், கையை எடுக்காமலே. "மெதுவா ஒரு சுத்து சுத்துனாப் போதும், கத்தி திரும்பும், கயிறு தளந்துரும். கமலை உருளையில சிக்குனா அப்பிடித்தான எடுப்போம்."

ஹேண்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தர மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"இவனுக்குப் பேய் புடிச்சிருக்குதுங்க," என்று முனகியபடி கையை உருவினார். கியரை விடுவித்து, அரிவாளால் நானே கயிற்றை அறுத்தெடுத்தேன். பிறகு வேலையைத் தொடர, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். அரைச் சுற்றுதான். சூடாக இருந்த இஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது.

வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்த மச்சான் அப்படியே நின்றார். இஞ்சினைப் பார்த்தார். கத்திகளைப் பார்த்தார். சொட்டுகிற தன் கைகளைப் பார்த்தார். போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார். வயல்காரர் எதிரே நின்று, "நாந்தான சுத்தியிருப்பேன்... நாந்தான..." என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது.

அதற்கப்புறம் இஞ்சின் நின்றால் மச்சானே ஹேண்டிலைக் கழற்றி என் தோளில் மாட்டிவிடுவார். தங்கச்சி பேச்சு மட்டும் நிற்கவில்லை.

போன வாரம் வந்திருந்தார். கதவோரம் உட்கார்ந்து என் பேத்திக்கு நிலக்கடலை உரித்துக் கொடுத்தார். வழக்கம்போல அவர் விரல்களை எண்ணிக்கொண்டேன். பத்து. காற்று அடித்தது. ஹேண்டிலைக் காலால் கதவுக்கு நெருக்கித் தள்ளிவிட்டு, அடுத்த கடலையை எடுத்தார்.